அண்ணன் தோலும் உதிர்ந்தது

என் இடது காலில், முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரை, பெரிய தழும்பு ஒன்று இருக்கிறது. அது தெரியாதபடி சேலையை இறக்கிக் கட்டு என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படிக் கட்டியதில்லை. அந்தக் கால் எப்படி வெந்தது, எப்படி ஆறியது, இடையில் யார் யார் அதைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு வேதக்காரர் ஊர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் வாழும் ஊர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், அந்த ஒரு ஊரில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

மலைக்கு மேலே ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வேலைக்குச் சுண்ணாம்பு போய்க்கொண்டே இருக்க வேண்டும். கூடலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் வரிசையாகக் காளவாசல் போட்டுக் கல்லைச் சுட்டார்கள். சுட்ட கல்லைக் கூடையில் அள்ளி வண்டியில் ஏற்றும் வேலைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனோம். எனக்கு இருபது வயதிருக்கும். என் புருஷன் அதே அணை வேலைக்கு மலையேறிப் போய், காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் சொந்தமாக மாட்டுவண்டி வைத்து அந்த வேலைக்கே ஓட்டிக்கொண்டிருந்தார்.

என்னோடு கூடை சுமந்தவர்களில் ஒருத்தி எங்கள் ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேரியிலிருந்து வந்தவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நல்ல உயரம். சிரித்தால் காளவாசலின் அந்தப் பக்கம் வரை கேட்கும். அவளும் வேதக்காரிதான். இரண்டு பேரும் ஒரே கோயிலில்தான் பூசை பார்ப்போம். கோயிலுக்குள் நீளவாக்கில் ஒரு மரக்கிராதித் தடுப்பு உண்டு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நாங்கள் நடுவாசல் வழியாக வருவோம், அவர்கள் பக்கவாசல் வழியாக. சாமியார் நற்கருணை கொடுக்க இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கம் போவார். அது எனக்கு ஒரு விசேஷமாகவே பட்டதில்லை, பகலும் ராத்திரியும் இருப்பதைப் போல அதுவும் இருந்தது. வேலையிடத்தில் அவள் என்னை "ஆத்தா" என்பாள், நான் அவளை "ஏ" என்பேன். அவள் மூத்தவள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

சித்திரை மாதம், மத்தியானம். வண்டி நிறையச் சுட்ட சுண்ணாம்பு ஏற்றியாகிவிட்டது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, நாங்கள் ஓலைப்பாயை இழுத்து மூடுவதற்குள் மழை இறங்கிவிட்டது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். புகைந்து, சீறி, வெடித்துக் கொதிக்கும். நான் சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்துப் பாயை எட்டிப் பிடித்தேன். வண்டியின் பக்கத்தடுப்பு மூங்கில் சரிந்தது. நான் கீழே விழ, சுண்ணாம்பு என் மேல் விழுந்தது. இடது கால் முழங்கால் வரை அதற்குள் புதைந்துபோனது. மேலே மழை.

நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. எல்லாரும் விலகி நின்று, தண்ணீர் ஊற்றாதே, தண்ணீர் ஊற்றாதே என்று கத்தினார்கள். அவள் மட்டும் ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். தன் முந்தானையால் என் காலிலிருந்த சுண்ணாம்பைக் கைநிறைய வழித்து வழித்து எறிந்தாள். பிறகு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலுக்குள் தள்ளி, ஓடுகிற தண்ணீருக்குள் என் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீர்தான் கெடுதல், நிறையத் தண்ணீர் நல்லது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அவளுடைய இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப் போயின.

வேலைக்காரர்களுக்காக அடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. மண்சுவர், மேலே கூரை, உள்ளே பத்துப் பன்னிரண்டு கட்டில். அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அப்போத்திக்கரி. பெரிய டாக்டருக்குக் கீழே, கட்டுப்போடுகிறவருக்கு மேலே உள்ள உத்தியோகம் அது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், குள்ளம், தொந்தி. கட்டை அவிழ்த்ததும் பழைய துணியை முதலில் மூக்கருகே கொண்டுபோவார். கெட்ட வாடை இல்லையென்றால் முகம் மலர்ந்துவிடும். என் கட்டை மோந்துபார்த்து அந்த முகம் மலர வெகு நாளாயிற்று. வெந்த தோலும் அதற்குக் கீழே இருந்த சதையும் அழுகி விழுந்து, காய்ச்சல் அடித்து, நான் எலும்பும் தோலுமாகிப் படுத்திருந்தேன்.

பிறகு வாடை நின்றது. புண் சிவந்து சுத்தமாக இருந்தது. ஆனால் தோல் மூடவில்லை. கெண்டைக்கால் முழுக்க ஒரே சிவப்பு வயல். ஓரத்திலிருந்து புதுத்தோல் ஒரு விரற்கடை வந்து, அதற்குமேல் வர மறுத்துவிட்டது.

ஒருநாள் அப்போத்திக்கரி என் அண்ணனையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஓரத்திலிருந்து தோல் வந்து இதை மூடப்போவதில்லை அம்மா. நடுவிலே அங்கங்கே நட்டுவிட வேண்டும், நாற்று நடுகிற மாதிரி. நல்ல தோலிலிருந்து துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளி எடுத்து இந்தச் சதைமேல் வைத்தால் அது பிடித்துக்கொண்டு சுற்றிலும் படரும். சீமையில் செய்கிறார்கள். மதுரையில் நானே கூட இருந்து பார்த்திருக்கிறேன்."

"யாரு தோல எடுப்பீக?" என்று அண்ணன் கேட்டார்.

"இவர்களிடமிருந்தே எடுக்கலாம். ஆனால் உடம்பில் ரத்தமே இல்லையே. இன்னொரு புண்ணை உண்டாக்க எனக்குத் தைரியமில்லை. சொந்தக்காரர் யாராவது கொடுத்தால் நல்லது."

அண்ணன் சட்டென்று கையை நீட்டினார். அதை நான் மறக்கவில்லை, பின்னால் நடந்ததற்காக அதை மறைக்கவும் மாட்டேன். ஊசியால் தோலைக் குத்தித் தூக்கி, கத்தரியால் நுனியை நறுக்கி எடுத்தார் அப்போத்திக்கரி. ஒவ்வொரு நறுக்குக்கும் அண்ணன் பல்லைக் கடித்தார். ஏழெட்டுத் துண்டானதும் முகம் வெளுத்து, "போதும் ஐயா, மாடு பிடிக்கணும்ல" என்று எழுந்துவிட்டார். அந்தத் துண்டுகள் முழங்காலுக்குக் கீழே ஒரு கைப்பிடி இடத்துக்குத்தான் வந்தன. பாதிக் கால் பாக்கி.

அவள் தினமும் வேலை விட்டதும் எனக்குக் கஞ்சி கொண்டுவருவாள். ஆஸ்பத்திரி வாசற்படியோடு நின்று, உள்ளே இருக்கிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லை. அன்று அண்ணன் போன பிறகு வந்தவள், வாசலில் நின்றபடியே நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஐயா, எங்கிட்ட எடுங்க. எந்தோலு நல்லாத் தடிச்ச தோலு" என்றாள்.

அப்போத்திக்கரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வெளியூர்க்காரரானாலும் தமிழ்நாட்டுக்காரர்தானே. "உங்களுக்குச் சம்மதமா அம்மா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாசலில் நின்றவளுக்கும் தெரியும். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்கள் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

என் காலுக்காக உள்ளங்கையைப் பொசுக்கிக்கொண்டவள் அவள். அப்போது தொட்டதில் போகாத எதுவும் இப்போது போகப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, கோபம்தான் வந்தது. அந்த வாசற்படி மேல் கோபம்.

"சம்மதம்" என்றேன். பிறகு அவளைப் பார்த்து, "உள்ள வாங்கக்கா. அங்கன நின்னுக்கிட்டு எப்பிடிக் குடுப்பீக?" என்றேன்.

அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

அக்காவின் தொடையிலிருந்து எடுத்த துண்டுகளைக் கால் நடுவிலிருந்து கணுக்கால் வரை வைத்தார். மேலே அண்ணன், கீழே அக்கா. எண்ணெய் பூசிய மெல்லிய துணியை அதன் மேல் பரப்பிக் கட்டினார். நாலு நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்தபோது அப்போத்திக்கரி துணியை மோந்துபார்க்கக்கூட மறந்துபோனார். ஒரு துண்டுகூட நழுவவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் இளஞ்சிவப்பாகி, சுற்றிலும் மெல்லிய விளிம்பு கட்டி நின்றன. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எது அண்ணன், எது அக்கா என்று இடத்தை வைத்துத்தான் சொல்லலாம், நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோது அண்ணன் பெண்சாதி, என் மதினி, வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏத்தா, ஊருல ஒம்பேச்சுத்தேன். அவ தோலு இவ ஒடம்புல மொளச்சிருச்சு, இனிமே இவ யாருங்குறாக. கெணத்துப் பக்கம் வரக் கூடாதுன்டு நாட்டாமை சொல்லிப்புட்டாக. ஒங்கண்ணன் தலைய நிமித்தி நடக்க முடியல."

"அண்ணன் தோலும்தேன் இருக்கு. அதச் சொல்றாகளா?"

"அதெல்லாம் ஆரு கேக்குறா?"

"அப்ப நானும் அவுக சொல்றதக் கேக்கல" என்றேன். மதினி அழுதாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். காலில் ஒரு சூடும் தினவும் ஆரம்பித்தது. கட்டை அவிழ்த்தால் துண்டுகளைச் சுற்றி வீங்கியிருந்தது. இளஞ்சிவப்பு, ஊதாவாகி, பிறகு கறுத்தது. விளிம்புகள் மேலே சுருண்டன. எந்தத் துண்டு முதலில், எந்தத் துண்டு கடைசியில் என்று இல்லை. மேலே அண்ணன் தோலும் கீழே அக்கா தோலும் ஒரே சமயத்தில் கறுத்து, ஒரே கட்டுத் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. பழையபடி சிவப்பு வயல்.

அப்போத்திக்கரி துணியை மோந்தார். வாடை இல்லை. "சீழ் இல்லை, அழுகல் இல்லை. என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை" என்று எங்களிடமே சொன்னார். "ஒட்டிக்கொண்டு ரத்தம் ஓடிய பிறகு எதற்காக விழ வேண்டும்? உங்கள் உடம்பே அதைப் பிடித்து வெளியே தள்ளின மாதிரி இருக்கிறது."

அன்று சாயங்காலம் அக்கா வந்து என் காலைப் பார்த்தாள். அவள் சிரிப்பை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அவள் அழுகை எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சத்தமே இல்லை.

"எந்தோலு ஒங்களுக்கு ஆகல ஆத்தா. ஊருல சொல்றது சரிதேன் போல. நான் குடுத்திருக்கக் கூடாது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்து முழங்கால் பக்கம் திருப்பினேன்.

"இங்கன பாருங்கக்கா. இது ஆரு எடம்? அண்ணன் எடம். எங்க ஆத்தா வயித்துலயே பெறந்த அண்ணன். அவுக தோலு இருக்கா? இருந்தாக் காட்டுங்க."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "அதுவும் இல்லயே" என்றாள்.

"இல்லைல்ல? அப்ப ஒங்களுக்கு மட்டும் ஏன் அழுக?"

காய்ச்சல் தணிந்ததும் அப்போத்திக்கரி இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அண்ணன் வரவில்லை. அக்கா வந்தாள், அதே தொடையில் பக்கத்து இடத்தைக் காட்டினாள். இந்தத் தடவை அந்தத் தோல் சிவக்கவே இல்லை. வைத்த நாலைந்து நாளிலேயே வெளுத்தபடி கருகி விழுந்துவிட்டது. முதல் தடவை என் உடம்பு யோசித்துத் தள்ளியது. இரண்டாம் தடவை யோசிக்கவே இல்லை, ஆளை அடையாளம் வைத்துக்கொண்டு வாசலிலேயே மறித்துவிட்டது. அப்படித்தான் எனக்குப் பட்டது. அக்கா இப்போது அழவில்லை. "ஒங்க ஒடம்பு ரொம்பக் கறாரு ஆத்தா" என்று சொல்லி, அத்தனை கட்டிலுக்கும் கேட்கிறாற்போல் சிரித்தாள்.

கடைசியில் அப்போத்திக்கரி, "இப்போது உங்கள் உடம்பு தேறியிருக்கிறது. உங்களிடமிருந்தே எடுத்துப் பார்த்துவிடுகிறேன்" என்றார். என் வலது தொடையிலிருந்து நறுக்கினார். அண்ணன் ஏன் எழுந்துவிட்டார் என்று அப்போது புரிந்தது. அந்த வலி தேள் கொட்டுகிற வலி. ஆனால் அக்கா இரண்டு தடவை அசையாமல் படுத்திருந்தாளே, நானும் அசையவில்லை.

என் தோல் என் காலில் பிடித்துக்கொண்டது. சிவந்தது, படர்ந்தது. சூடு வரும், தினவு வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். வரவில்லை. தீவு தீவாக இருந்தவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, அறுவடைக் காலம் வருவதற்குள் கால் மூடிவிட்டது. நான் கம்பு ஊன்றி நடந்தேன், பிறகு கம்பில்லாமல் நடந்தேன், பிறகு அண்ணன் வண்டியில் ஊருக்குப் போனேன். கம்பம் தாண்டும்போது அண்ணன், "ஞாயித்துக்கெழம நாட்டாமை ஒங்கிட்டப் பேசுவாக. தலைய ஆட்டிட்டுப் பேசாம இரு. எல்லாம் நான் பாத்துக்கிட்டேன்" என்றார். என்ன பார்த்துக்கொண்டார் என்று கேட்டேன். மாட்டை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. சாமியார் உடுப்பு மாற்ற உள்ளே போனார். ஊர்க்காரர்கள் கோயில் முற்றத்தில் கூடினார்கள். சேரிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி, அவர்கள் வழக்கமாக நிற்கிற சுவரோரத்தில் நின்றார்கள். அக்காவும் அங்கே நின்றாள்.

நாட்டாமை நல்ல குரலில்தான் தொடங்கினார்.

"ஏத்தா, நல்ல சேதி கேட்டோம். அந்தத் தோலு ஒன் ஒடம்புல தங்கலயாம்ல. எப்பிடித் தங்கும்? நம்ம ரத்தம் என்ன லேசுப்பட்டதா? எது நம்மது, எது அடுத்ததுன்டு அதுக்குத் தெரியும். வெளிய தள்ளிருச்சு. ஒங்கண்ணன் தோலு மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னு ஒன்னக் காப்பாத்திருச்சு. ஆண்டவரே எல்லாருக்கும் காட்டிக் குடுத்திருக்காரு. கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கி வச்சுரு. முந்தி இருந்த எடத்துலயே ஒக்காந்துக்க. கெணத்துலயும் தண்ணி எடுத்துக்க."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டது என்னவென்று புரிந்துவிட்டது. என்னை வீட்டுக்குள் சேர்க்க அந்த மனுஷன் ஒரு பொய்யைக் கட்டி ஊர் முழுக்க நட்டுவைத்திருந்தார். அது என் மேல் உள்ள பாசத்தில்தான். தலையை ஆட்டினால் போதும், எனக்குப் பாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது. சுவரோரத்தில் அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் முற்றத்தின் நடுவுக்கு வந்து சேலையை முழங்கால் வரை தூக்கினேன். "ஏய், ஏய்" என்று ஆண்கள் திரும்பிக்கொண்டார்கள். பெண்கள் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒங்க தோலு இதுல எங்கன இருக்கு? வந்து காட்டுங்க" என்றேன்.

அவர் வரவில்லை.

"காட்ட மாட்டாக. ஏன்னா அது இல்ல. அண்ணன் தோலும் உதிந்திருச்சு. அக்கா தோலும் உதிந்திருச்சு. ரெண்டும் ஒண்ணாத்தேன் கறுத்துச்சு, ஒண்ணாத்தேன் விழுந்துச்சு. இங்கன இருக்குறது பூராம் எந்தோலு. எந்தொடையில எடுத்தது. தழும்பு வேணும்னா பொம்பளைக உள்ள வாங்க, காட்டுறேன்."

நாட்டாமை முகம் மாறியது. ஆனால் ஆள் லேசில் விடுகிறவர் இல்லை. "அவ தோலு பக்கத்துல இருந்து ஒங்கண்ணன் தோலயும் கெடுத்திருக்கும்" என்றார். அதற்கும் சில தலைகள் ஆடின.

"அப்பிடியா? அவுக தோலு விழுந்த அதே எடத்துலதேன் எந்தோல வச்சாக. அது ஏங்க கெடல?"

நாட்டாமை தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ரத்தத்துக்குத் தெரியும்னு சொன்னீகள்ல, நெசந்தேன், தெரியும். என் ரத்தத்துக்கு என்ன தெரியும்னு நாஞ் சொல்றேன், கேளுங்க. அதுக்கு நான் ஒருத்தியத்தேன் தெரியும். கூடப்பெறந்தவுகளயும் தெரியாது, வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்குறவுகளயும் தெரியாது. அதுக்கு ரெண்டு பேரும் வேத்தாளுதேன், ஒரே அளவு வேத்தாளு. இவுக கொஞ்சம் கிட்ட, அவுக கொஞ்சம் எட்டன்டு அது ஒண்ணும் எண்ணல. அத எண்ணுறது நீங்க. நீங்க எண்ணுங்க, ஆனா எங் கால சாட்சிக்குக் கூப்புடாதீக."

சுவரோரத்தில் யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா தெரியவில்லை. நாட்டாமை, "இந்தப் பொம்பளைக்கு இனிமே நம்ம கெணத்துல தண்ணி கிடையாது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒருவர் மனசும் மாறவில்லை. நான் மாற்றவும் நினைக்கவில்லை. பொய்யை என் காலில் எழுத விடக் கூடாது என்பதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கிராதிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே எனக்குக் கும்பிடு போட்டு வரவேற்பார்கள் என்று நினைத்திருந்தால் நான் முட்டாள். ஒரு பெரியவர் குனிந்து என் காதருகே, "ஆத்தா, நீங்க ஒரு நாளைக்கு இங்கன ஒக்காந்துட்டுப் போயிருவீக. எங்க கூரையில தீ வைக்கிறவனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா தன் சேலையை ஒதுக்கிக்கொண்டு இடம் விட்டாள். "ஒக்காரட்டும் சித்தப்பா. அவுக ஒரு நாளைக்கு வந்துட்டுப் போற ஆளு இல்ல" என்றாள். சாமியார் பீடத்திலிருந்து ஜனங்கள் பக்கம் கைவிரித்துத் திரும்பினார், என்னைப் பார்த்தார், கை விரித்தபடியே ஒரு கணம் நின்றார். பிறகு பூசையைத் தொடர்ந்தார்.

அந்த வாரம் என் பாயும் செம்பும் அண்ணன் வீட்டு வாசலுக்கு வெளியே இருந்தன. மதினி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். நான் அதைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். அப்போத்திக்கரி புண் கழுவுகிற வேலை கொடுத்தார். மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த எழுத்துக்களைப் படிக்கப் போய்த்தான் எனக்கு எழுத்து வந்தது. அணை வேலை முடிந்து அந்த ஆஸ்பத்திரியைக் கலைத்ததும் அல்லிநகரத்தில் ஒரு சிறு வீட்டைப் பிடித்துக்கொண்டு, பிரசவம் பார்க்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் போனேன். அக்கா அங்கே வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. தெருவில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் பேசாததால் எனக்கு ஒரு வேலையும் குறையவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, எனக்குத் தலை நரைத்த பிறகு, மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் என் காலைக் காட்டிக் கேட்டேன். அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்கள். ரத்தத்தில் வெள்ளையாக நுண்ணிய அணுக்கள் இருக்கின்றனவாம். உள்ளே வருகிற கிருமியை அவைதான் எதிர்த்து நிற்கின்றனவாம். அடுத்தவர் சதை வந்தாலும் அது தன் சதை இல்லை என்று கண்டுகொண்டு கூடிவந்து வீக்கம் கட்டித் தள்ளிவிடும் போலிருக்கிறது, தாய் சதையானாலும் அப்படித்தான், எப்படிக் கண்டுகொள்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். உடம்புக்குள்ளே முளைக்கிற கெட்ட கட்டிகளையும் அவை சில சமயம் எதிர்க்கலாம், ஆனால் கட்டி நம் சதையிலேயே முளைப்பதால் பல சமயம் ஏமாந்துபோகும் என்று சிலர் நினைக்கிறார்களாம். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வெள்ளைப் படையின் மேல் மரியாதை வந்தது. அது இல்லையென்றால் அந்தக் காய்ச்சலிலேயே நான் செத்திருப்பேன். ஆனாலும் அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், காவல் காக்க மட்டும்தான் தெரியும். எனக்காக வெந்த கை எது என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அணை வேலை முடிகிற சமயத்தில் அக்கா ஒரு கல்தச்சரைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்க யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது அக்கா என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், "நான் நிக்கிறேன்" என்று. அதற்குள் நாட்டாமைக்கு விஷயம் போய்விட்டது. அன்று காலை அவர் நாலு பேரோடு கோயில் வாசலில் நின்றார். அண்ணனும் நின்றார், நாலு பேரோடு சேராமல் வேப்பமரத்தடியில், தனியாக. அவர் கை நீட்டித் தோல் கொடுத்தவர்தான். அதை நினைத்து அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவரும் அசைத்தார் என்று நினைக்கிறேன்.

சாமியார் முழு உடுப்போடு வாசலுக்கு வந்தார். சடங்கின் முதல் பாதி வாசலில்தான் நடக்கும்.

"ஞானத்தாய் யார்?"

"நாந்தேன் சாமி."

நாட்டாமை, "சாமி, இந்த ஊருல அப்பிடி ஒரு வழக்கம் இல்ல" என்றார்.

சாமியார் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லாமல் போனால் நீ வளர்க்க வேண்டும். தெரியுமா?"

"தெரியும். அவுக இருந்தாலும் வளப்பேன்."

சாமியார் உப்பை எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். அது முகத்தைச் சுருக்கிக்கொண்டு அதன் தாய்க்குத் தப்பாத குரலில் ஒரு அலறு அலறியது. நாட்டாமை மேற்கொண்டு ஏதோ சொன்னார், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சாமியார் தோளில் தொங்கிய பட்டின் நுனியைப் பிள்ளையின் மேல் வைத்து, உள்ளே வாருங்கள் என்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுவாசல் வழியாக உள்ளே போனேன். அக்காவும் அவள் புருஷனும் எனக்குப் பின்னால் அதே வாசல் வழியாக வந்தார்கள்.